நாகை முதல் காரைக்கால் வரை: கடற்கரையை நடந்தும் சைக்கிளிலும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்துவிட்டு, நாகூர் தர்காவுக்கும் போய்விட்டு, நடுவில் புதிய கடற்கரையில் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி அலையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கரை காரில் வருபவருக்குத் தன்னைக் காட்டாது. மீன் இறங்கும் நேரம், ஆறு கடலில் கலக்கும் இடம், வலை பழுது பார்க்கும் கூடத்தின் பேச்சு, இவையெல்லாம் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. அங்கே போகும் தெருக்களில் காரைத் திருப்பவே இடம் இருக்காது. நடந்து போனால், அல்லது சாதாரண சைக்கிள் ஒன்று இருந்தால், இரண்டு நாளில் நாகையிலிருந்து காரைக்கால் வரை நிதானமாகப் பார்த்துவிடலாம், மூன்றாவது நாள் கையில் இருந்தால் தரங்கம்பாடியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் இந்தக் கரை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் பார்த்தால் வடக்கு தெற்காக ஒரே கோடாகத் தெரியும், கடலோரமாகவே நடந்து போய்விடலாம் என்று தோன்றும். முடியாது. இது டெல்டா. கல்லணையில் பிரிந்த தண்ணீர் பல ஆறுகளாகக் கிளை பிரிந்து கடைசியில் இந்தக் கரையில்தான் வந்து விழுகிறது. தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் வெள்ளையாறு, நாகை துறைமுகத்தில் கடுவையாறு, நாகூரில் வெட்டாறு, திருமலைராயன்பட்டினம் பக்கம் திருமலைராஜன் ஆறு, காரைக்காலில் அரசலாறு, அதற்கும் வடக்கே நண்டலாறு. ஒவ்வொன்றும் கடலோரப் பாதையை வெட்டிவிடும். முகத்துவாரத்துக்கு வந்ததும் கரையை விட்டு உள்ளே போய், பாலத்தைப் பிடித்து, மறுபக்கம் திரும்பக் கடலுக்கு வர வேண்டும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: கடலைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போங்கள். ஒவ்வொரு ஆற்றுக்கும் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஏதோ ஒரு கரைப் பாதை இருக்கும், ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். படகுகள் நிற்பது, சின்னப் பையன்கள் தூண்டில் போடுவது, கொக்கும் நாரையும் இறங்குவது எல்லாம் அந்த வழியில்தான். இந்த ஊர்களின் உண்மையான நீர்முகம் ஆறுதான்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாகை காவிரியின் கடைமடை. வழக்கமாக மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும், கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும். அப்போது கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மேடாக்கிவிடும், முழங்கால் தண்ணீர்தானே, நடந்து அக்கரைக்குப் போய்விடலாம் என்று ஆசை வரும். போகாதீர்கள். மணல் திட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும், நேற்று இருந்த திட்டு இன்று இருக்காது. பாலத்துக்குச் சுற்றிப் போவதில் நேரம்தான் போகும்.

எந்த மாதம், எந்தத் திசை

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் அப்போதுதான் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்த மாவட்டத்தின் தென்னையையே சாய்த்துவிட்டுப் போனது. மழைக்காலத்தில் வந்தே ஆக வேண்டும் என்றால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, எத்தனையாம் எண் என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொல்லும், காலை ஒன்பது மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது.

இன்னொரு தேதியும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பதும் மரவேலையும் எஞ்சின் வேலையும் நடக்கும். படகைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல காலம். மீன் ஏலத்தின் முழு வேகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது சிறிய ஃபைபர் படகுகளின் மீன் மட்டும்தான் வரும்.

சைக்கிளில் வருகிறவர்களுக்குக் காற்றுதான் மேடு பள்ளம். நிலம் முழுக்கச் சமதளம், பாலத்தின் ஏற்றத்தைத் தவிர ஏற்றமே கிடையாது, ஆனால் எதிர்க்காற்று வந்தால் பத்து கிலோமீட்டர் இருபதாகத் தெரியும். தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், அதனால் காரைக்காலில் ஆரம்பித்துத் தெற்கே நாகைக்கு வருவது சுலபம். சித்திரைக்கு மேல் மதியம் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும், அப்போது நாகையிலிருந்து வடக்கே போங்கள். எந்த மாதமானாலும் விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும், பத்து பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பும். கீழே நாகையிலிருந்து வடக்காகச் சொல்கிறேன், தையில் வருகிறவர்கள் அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்

சென்னை எழும்பூரிலிருந்து காரைக்காலுக்குப் போகும் கம்பன் எக்ஸ்பிரஸ் நாகையில் நிற்கும். தஞ்சாவூர், திருவாரூர் வழியாகப் பேருந்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளூரில் வாடகை சைக்கிள் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், அந்தக் காலத்து மணிக்கணக்கு வாடகைக் கடைகள் எல்லா ஊரிலும் போய்விட்டன. உங்கள் சைக்கிளையே கொண்டுவருவது நல்லது, கியர் வேண்டாம், விலை உயர்ந்ததும் வேண்டாம். டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். பஞ்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்பு, ஒரு பழைய துணி, சங்கிலிக்கு எண்ணெய். கருவேல முள் டெல்டா முழுக்கக் கிடக்கிறது, பஞ்சர் ஆகவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

ஈர மணலில் சைக்கிள் விடலாம் என்று படங்களைப் பார்த்து நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் அலை பின்வாங்கி அகலமாகக் கெட்டிப்பட்ட மணல் விரியாது. கரை சரிவாகவும் மணல் புதைவதாகவும் இருக்கும். சைக்கிளைச் சாலையோடு வைத்துக்கொண்டு, கடலுக்குப் போகும் இடங்களில் இறங்கி நடங்கள்.

நடக்கிறவர்களுக்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வைத்த செருப்பு நல்லது, ஷூவுக்குள் மணல் போய் உயிரை வாங்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது தலைக்கு ஒரு துண்டு, அடையாள அட்டை. அடையாள அட்டை எதற்கு என்றால், எதிரே இலங்கை, துறைமுகப் பக்கம் கடலோரக் காவல் போலீஸ் இருக்கும், புது ஆளைப் பார்த்தால் கேட்பார்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

முதல் நாள்: நாகையில் நடை

விடிவதற்கு முன்னால் துறைமுகத்தில் இருக்க வேண்டும், அதுதான் முதல் படி. ரயில் நிலையத்திலிருந்தே நடந்து போய்விடலாம். நாலரை ஐந்து மணிக்கு மீன் இறங்குதளத்தில் விளக்கெல்லாம் எரியும், விசைப்படகிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குவார்கள், ஐஸ் உடைக்கும் சத்தம் ஒரு பக்கம், ஏலம் கூறும் குரல் ஒரு பக்கம். சங்கரா, கணவா, இறால், காணாங்கெளுத்தி, நெத்திலி, அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய வஞ்சிரம். ஏலத்தில் நிற்பவர்களில் பெண்கள் நிறைய இருப்பார்கள், கூடைக்காரப் பெண்களின் கணக்கு வேகத்தைப் பார்க்கவே ஒரு மணி நேரம் நிற்கலாம். வழியை மறித்து நிற்காதீர்கள், அதுதான் அங்கே எல்லோருக்கும் கோபம் வரும் விஷயம். தலையில் நாற்பது கிலோ வைத்துக்கொண்டு வருபவரால் உங்களுக்காக நிற்க முடியாது. படம் எடுக்கும் முன் "அண்ணே, எடுத்துக்கலாமா?", "அக்கா, ஒரு படம்?" என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கடுவையாற்றின் தென்பக்கம் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக உயிர் போனது நாகை மாவட்டத்தில், 6,000 பேருக்கு மேல், அதில் இந்த இரண்டு ஊர்களும் பட்டதைச் சொல்லி மாளாது. இங்கே போகிறவர்கள் சுனாமி வந்த இடத்தைப் பார்க்க வந்தோம் என்று ஊருக்குள் நின்று விசாரிக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் கடலில் பாலூற்றி, பூப்போட்டு அழுகிற வீடுகள் அவை. அவர்களாகவே பேசினால் கேளுங்கள். படகுகளையும், வலை பின்னும் கூடத்தையும், ஆற்றில் வரிசை கட்டி நிற்கும் வண்ணங்களையும் பார்த்துக்கொண்டு நடக்கப் போதுமான காரணம் இருக்கிறது.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கரையில் வலை விரித்துக் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் மிதிக்கவோ தாண்டவோ செய்யாமல் சுற்றிப் போங்கள். ஒரு வலைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கடனே இருக்கும்.

ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் துறைமுகத்திலிருந்து வடக்கே திரும்பிக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு வாருங்கள். டீயும் இட்லியும் வழியிலேயே முடித்துக்கொள்ளலாம். துறைமுகத்திலிருந்து நாகூர் வரையிலான ஆறேழு கிலோமீட்டர் மட்டும்தான் இந்தக் கரையில் பெரிய ஆறு குறுக்கிடாத துண்டு, அதனால் நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. புதிய கடற்கரைக்கு மாலையில் ஊரே வரும், காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும். அதைத் தாண்டிப் போனால் ஆரியநாட்டுத் தெரு, நம்பியார் நகர், சாமந்தான்பேட்டை என்று மீனவர் ஊர்கள் வரும். நம்பியார் நகரில் ஊர் மீனவர்கள் தங்கள் பங்குத் தொகையையும் போட்டுச் சிறு துறைமுகம் ஒன்றைக் கட்டவைத்தார்கள், அங்கே அலைதடுப்புக் கற்கள் குறுக்கே வரும், கல் மேல் ஏறிக் கடக்காமல் ஊருக்குள் நுழைந்து சுற்றி வந்துவிடுங்கள். பாசி பிடித்த கல் வழுக்கும்.

மணல் மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், இராவணன் மீசை முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும். இவை இரண்டும்தான் மணலைப் பிடித்து வைப்பவை, சும்மா பிடுங்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். இரவில் நடக்கிறவர்கள் டார்ச்சை அணைத்துவிட வேண்டும், ஆமைக்கும் குஞ்சுக்கும் வெளிச்சம் திசையைக் குழப்பிவிடும். காலையில் மணலில் கடலிலிருந்து மேடு வரை போய்த் திரும்பிய அகலமான தடம் தெரிந்தால் அதுதான். முட்டை இருக்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்காதீர்கள். இறந்த ஆமைகளும் ஒதுங்கிக் கிடக்கும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வெயில் ஏறியதும் ஊருக்குள் வாருங்கள், மதியத்தைக் கோயில்களுக்கும் பழைய தெருக்களுக்கும் கொடுங்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடும் என்பதால் முதலில் நீலாயதாட்சி அம்மன் சமேத காயாரோகணசுவாமி கோயில். அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இந்த ஊர் மீனவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார், ஒரு நாள் பொன் மீனே வந்தபோதும் விட்டுவிட்டார் என்பது கதை. ஆவணியில் அதை விழாவாகவே நடத்துகிறார்கள், மீனவர்கள் படகில் போய்க் கடலில் தங்க மீனை விடுவார்கள், கரையில் சுவாமி எழுந்தருளியிருப்பார். அந்த நாளில் வர முடிந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதைப் பாருங்கள். பக்கத்திலேயே சௌந்தரராஜப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துகீசியர்களிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள், 1690-ல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள், 1781-ல் ஆங்கிலேயர்களிடம் இழந்தார்கள். அந்தக் காலத்தின் மிச்சமாக 1774-ல் கட்டிய புனித பீட்டர் தேவாலயம் ரயில் நிலையத்துக்கு அருகில் நிற்கிறது. அதைவிடப் பழைய கதை ஒன்றுக்கு இன்று கல் கூட மிச்சம் இல்லை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய (இன்றைய இந்தோனேசியப் பகுதி) மன்னர் இங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம்தான் அது. அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைச் சோழர் கொடுத்த செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயராலேயே அறியப்படுகிறது. பௌத்த விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. வெளிப்பாளையம் பக்கம் மண்ணில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புச் சிலைகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெளிப்பாளையத்தில் நடக்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் நடங்கள். கடல் கடந்து வந்த வணிகர்களுக்கு வெகு தூரத்திலேயே ஒரு கோபுரம் தெரிந்த ஊர் இது.

இரண்டாம் நாள் காலை: சைக்கிளில் நாகூர்

நாகையிலிருந்து நாகூர் ஐந்தாறு கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், பேருந்துகள் வேகமெடுக்கும் முன் போய்ச் சேர்ந்துவிடலாம். தர்காவின் ஐந்து மினாராக்களும் தூரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும், உயரமானது 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு, தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். எந்த மதத்தவரும் வரலாம், மொட்டை போடும் இந்துக் குடும்பங்களை எந்த நாளிலும் பார்க்கலாம். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி நாட்களில் சந்தனக்கூடு நாகையிலிருந்து ஊர்வலமாக வரும், அன்று சைக்கிள் விடவே இடம் இருக்காது, நடந்துதான் வர வேண்டும், அந்த நடை நன்றாகவும் இருக்கும்.

தர்காவிலிருந்து கிழக்கே போனால் சில்லடி கடற்கரை. தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவர் தனியே தியானத்தில் இருந்த இடம் என்று மக்கள் வந்து நிற்பார்கள். அங்கிருந்து பட்டினச்சேரி வழியாக வடக்கே போனால் வெட்டாறு கடலில் கலக்கும் இடம். நான் முன்னால் சொன்ன ஆற்றுக் கரைப் பாதை இங்கேதான் நன்றாகப் புரியும். ஒரு பக்கம் அமைதியான பழுப்புத் தண்ணீர், ஃபைபர் படகு எஞ்சினைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வரும், மறுபக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் நூறு அடி மணல். ஒரு மணி நேரம் உட்காருங்கள், அவசரப்படாதீர்கள்.

குளிக்க வேண்டாம், முகத்துவாரத்தில் ஒருபோதும் வேண்டாம். வெளியே போகும் ஆற்றுத் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் சேர்ந்து காலை வாரிவிடும். மற்ற இடங்களிலும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய உதவி இல்லை. குளித்தே ஆக வேண்டும் என்றால் உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள், எந்த இடத்தில் இழுவை இல்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி ஊருக்குள் வந்தால் நாகூர் சாப்பாடு. காலையில் பரோட்டா, மாலையில் இறால் வைத்துப் பொரிக்கும் வாடா, எப்போதும் அல்வா கடை. வாடா சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும், பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் அது வேறு பண்டம் ஆகிவிடும். கடைக்கார பாயிடம் எது இப்போது போட்டது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

வாஞ்சூர் முதல் காரைக்கால் வரை: கவனம்

இந்தத் துண்டுதான் பயணத்திலேயே சுகமில்லாத பகுதி. வெட்டாற்றுப் பாலம் தாண்டியதும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேச எல்லை, வாஞ்சூரில் வரிசையாக மதுக்கடைகள், அடுத்து காரைக்கால் துறைமுகம். நிலக்கரி ஏற்றிய லாரிகள் ஓடும், கரித்தூள் பறக்கும், கடலோரமாகப் போக வழியே கிடையாது. முடிந்தவரை காலையிலேயே கடந்துவிடுங்கள், மாலை ஆறுக்கு மேல் சைக்கிளில் இங்கே வராதீர்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் இருக்கும் சாலை இது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் சிவப்பு விளக்கு வையுங்கள். நடப்பவர்கள் இந்தத் துண்டை நடக்கவே வேண்டாம், நாகூரிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ காரைக்கால் போய்விடுங்கள். குழந்தைகளோடு வரும் சைக்கிள்காரர்களுக்கும் அதையே சொல்வேன்.

திருமலைராயன்பட்டினம் வந்ததும் மறுபடி மூச்சு விடலாம், இருபக்கமும் மரமும் பழைய வீடுகளும் இருக்கும். அதைத் தாண்டினால் அரசலாற்றுப் பாலம், காரைக்கால்.

காரைக்கால்: அரசலாறு

இந்தக் கரையிலேயே நடப்பவரையும் சைக்கிள்காரரையும் நினைத்து அமைத்த இடம் என்று ஒன்று இருந்தால் அது காரைக்கால் கடற்கரைச் சாலைதான். பாலத்திலிருந்து அரசலாற்றின் வடகரையைப் பிடித்துக்கொண்டே கிழக்கே போனால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கடல். ஒரு பக்கம் ஆறு, படகுகள், மறுகரைப் பசுமை, இந்தப் பக்கம் நடைபாதை. கும்பகோணம் பக்கம் வயலுக்குப் பாய்ந்து வந்த ஆறு இங்கே அகலமாக, அவசரமில்லாமல் கடலுக்குள் போகும். மாலை நாலரைக்கு மேல் வந்து உட்கார்ந்து, ஆறரை வரை இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், மற்ற நாட்களில் வாருங்கள். நாகையில் ஏன் கடுவையாற்றங்கரையில் இப்படி ஒரு நடைபாதை இல்லை என்று இங்கே வரும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

ஊர் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து, 1954-ல் இந்தியாவோடு சேர்ந்தது. தெருக்கள் நேர்நேராக இருப்பதால் சைக்கிளில் சுற்றுவது சுலபம். காரைக்கால் அம்மையார் கோயிலும் தேற்றரவு மாதா ஆலயமும் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா, சுவாமி வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், பிடிக்கக் கீழே கூட்டம் கை நீட்டி நிற்கும். அன்று சைக்கிளை விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் தெற்கே வேளாங்கண்ணி

நாகையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். கடுவையாற்றை உள்ளே போய்த்தான் கடக்க வேண்டும், கடலோரமாக அக்கரைப்பேட்டை, கல்லார் வழி போக நினைப்பவர்கள் பாதை எதுவரை போகிறது என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்தி எங்கிருந்தெல்லாமோ நடந்து வருகிறார்கள், சாலை முழுக்க மனிதர்கள், மோர்ப் பந்தல்கள். நடப்பவருக்கு அதைவிடத் துணையான சாலை இல்லை, சைக்கிளுக்கு ஆகாது. மற்ற நாட்களில் கோயிலுக்கு எதிரே உள்ள கரை நெரிசல்தான். கொஞ்சம் தெற்கே வெள்ளையாற்றின் பக்கம் போனால் அக்கரையில் செருதூர் படகுகள் தெரியும், கூட்டம் அங்கே வருவதில்லை.

மூன்றாவது நாள்: தரங்கம்பாடி

காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர், நண்டலாற்றைத் தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. லாரி குறைவு, சாலையோரம் வயலும் சவுக்குத் தோப்பும், சைக்கிளுக்கு மொத்தப் பயணத்திலேயே இதுதான் நல்ல சாலை. நகர வாயிலுக்குள் நுழைந்ததும் இறங்கி நடக்க ஆரம்பியுங்கள், ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது, அரை கிலோமீட்டர்கூட வராது. 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், முடிவில் டேனிஷ் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் 1706-ல் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.

கோட்டையிலேயே நின்றுவிடாமல் அதற்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். 1306-ல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்தது, கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதில் முன்பகுதி போய்விட்டது, இப்போது கருங்கல் கொட்டிக் காத்துவைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷத்தில் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அங்கே கல்லையும் அலையையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

தரங்கம்பாடியில் இப்போது ரயில் இல்லை. முப்பது கிலோமீட்டரில் மயிலாடுதுறை, பேருந்து அடிக்கடி உண்டு, அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் ரயில் பிடிக்கலாம். கிளம்பும் முன் சைக்கிளை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த உப்புக்காற்று இரண்டே நாளில் துரு ஏற்றிவிடும்.